எலி தின்னாத சாமை

1984ஆம் ஆண்டு ஆவணி மாதம், என் மச்சாள் விதைப்புக்கென்று வைத்திருந்த சாமையை எடுத்து என் கோழிகளுக்குப் போட்டேன். அவர் கேட்டபோது எலி தின்றுவிட்டது என்றேன். விதை இருந்தது ஓர் உமலில், அதாவது பனையோலையால் இழைத்த பையில். எலி வேலை போலத் தெரியவேண்டும் என்று அந்த உமலின் அடியைக் கத்தி நுனியால் கீறி, ஓலையை நகத்தால் பிய்த்துவிட்டேன். ஒரு பிடி சாமையை அடுப்படி நிலத்திலும் தூவினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. உத்தியோகம் விவசாயப் போதனாசிரியர். விதையைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது யார் யாரோ வந்து சாமையின் பெருமையை எனக்கே எடுத்துச் சொல்கிறார்கள். போன மாதம் ஒருவர் படம் போட்ட தாள் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். கைவிடப்பட்ட பயிர்களை மீட்டெடுப்போம் என்று தலைப்பு. கைவிடப்பட்டதாம். தானாக நடந்ததுபோல் எழுதியிருக்கிறார்கள். கைவிடச் சொல்லி வீட்டுக்கு வீடு சைக்கிளில் போனவன் உயிரோடுதான் இருக்கிறான்.

மச்சாள் என்று நான் சொல்வது இறந்துபோன என் அண்ணையின் மனைவியை. சண்டிலிப்பாயில் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி, மகளோடு இருந்தார். மகளின் புருசன் வெளிநாட்டில் வேலை. மச்சாளுக்குச் சீதனமாக வந்த ஆறு பரப்புக் காணி றோட்டோரம் இருந்தது. மேட்டுக்காணி, கிணறு இல்லை. எங்கள் பக்கத்தில் கிணறு இல்லாத காணியை யாரும் தோட்டம் என்று மதிப்பதில்லை. அவர் அதில் புரட்டாதி மழையோடு சாமை விதைப்பார். அதன் பிறகு அங்கே போவது களை பிடுங்கத்தான். உரம் போடமாட்டார், மருந்து அடிக்கமாட்டார், ஒரு வாளி தண்ணீர் ஊற்றமாட்டார். தை பிறக்கும்போது அரிவார். அவருக்குச் சோறு, மாட்டுக்கு வைக்கோல், அடுத்த வருடத்துக்கு அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கும் ஓர் உமல் விதை. ஊரில் மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் என் பேச்சைக் கேட்டுச் சாமையை விட்டிருந்தார்கள். மிச்சமாக நின்றது அவருடைய ஆறு பரப்புத்தான்.

1983, நாடு எரிந்த வருடம். தெற்கிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எங்கள் கந்தோருக்கோ, அதாவது விவசாய அலுவலகத்துக்கோ, அந்த நேரத்தில் ஒரு மாதிரிக் கிராமம் தேவைப்பட்டது. மாசி மாதம் மேலிடத்துப் பெரியவர் ஒருவர் பார்க்க வருவார், றோட்டின் இரண்டு பக்கமும் மிளகாயும் வெங்காயமும் நிற்கவேண்டும் என்றார்கள். சாமை அரிவு தைவரை இழுக்கும். மிளகாய்க் கன்றுக்கு அதற்கு முன்பே நிலத்தைப் பண்படுத்தியாக வேண்டும். ஆகவே அந்த ஆவணியிலேயே மச்சாளிடம் போனேன்.

“மச்சாள், உந்தப் புல்லை விட்டிட்டு மிளகாயைப் போடுங்கோவன்.”

“தண்ணிக்கு எங்கை போறது?”

“என்ரை முறையிலை பாதியை உங்களுக்கு விடுறன்.”

எங்கள் கிணறு நான்கு பேருக்குப் பங்கு. நான்கு நாளுக்கு ஒருதரம் ஒவ்வொருவருக்கும் இறைப்பு நாள் வரும். அதைத்தான் முறை என்போம். தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. கூடப்பிறந்தவர்கள் அதற்காகக் கோடு ஏறி வழக்காடியிருக்கிறார்கள். நான் என் முறையைத் தருகிறேன் என்றதும் அவர் என்னை நம்பியது அதனால்தான்.

“சாமையைக் குத்திக் குத்தி உங்கடை கையும் தேயுதெல்லோ” என்றும் சொல்லிவைத்தேன்.

“கை என்ரைதானே, தம்பி” என்றார். பிறகு இறங்கி வந்தார். “சரி, ஒரு போகம் மட்டும். வாற புரட்டாதிக்கு நான் சாமைதான் போடுவன். சொல்லிப்போட்டன்.”

மாசியில் பெரியவர் வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி மச்சாளின் மிளகாயை ஒருதரம் பார்த்தார், இளநீர் குடித்தார், போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த மாசியிலும் வருவதாகப் பிறகு கடிதம் வந்தது.

அடுத்த ஆவணியில் மச்சாள் உழவுக்கு ஆள் தேடத் தொடங்கினார். இரண்டு கிழமை அவரோடு மல்லுக்கட்டினேன். மிளகாயில் நல்ல விளைச்சல்தானே வந்தது என்றேன். ஓம் என்றார். பிறகென்ன என்றேன். “ஒரு போகம் எண்டுதானே கதைச்சது” என்றார். இதற்கு மேல் அவரிடம் வேறு நியாயம் இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. அந்த நேரத்தில்தான் மகளுக்குப் பிரசவ வலி கண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மச்சாள் பத்து நாள் அங்கே நின்றார். மாட்டுக்கு வைக்கோல் போடச் சொல்லி வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

என்ன செய்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கோழிகள் கந்தோர் மூலம் வந்த வெள்ளைக் கோழிகள். மூன்று நாளில் தின்று முடித்தன. மச்சாள் திரும்பி வந்தபோது, பிள்ளை பெற்ற மகளுக்கென்று ஒரு கடகம் நிறைய முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் என்மீது சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு அது எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். கீறிய உமலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான்தான் கயித்தைப் பதிச்சுக் கட்டிப்போட்டன்” என்றார். அன்றிலிருந்து எலியோடு யுத்தம் தொடங்கினார். எலிப்பொறி வாங்கினார். பூனை ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்தார். அது எலி பிடிக்காமல் அடுப்படியில் படுத்துத் தூங்கியது. கோயிலில், சந்தையில், செத்தவீட்டில், காண்கிறவர்களுக்கெல்லாம் எலிக்கதை சொன்னார். நான் பக்கத்தில் நின்றால் “தம்பியும் பார்த்தவர்” என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பார். ஓம், பார்த்தேன் என்பேன். ஆறு வருடம் இப்படிச் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் கந்தோரில் சாமை விதை எடுக்கலாமோ என்று ஒருதரம் கேட்டார். இப்ப ஆர் மச்சாள் உதெல்லாம் போடுகினம் என்று சிரித்து மழுப்பினேன். கந்தோரில் ஒரு மணி சாமைகூடக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் அவர் மிளகாயோடேயே நின்றார்.

1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் மண்ணெண்ணெய் வருவது நின்றது. யூரியா நின்றது, பூச்சிமருந்து நின்றது. இறைப்பு மிசின் ஓடாவிட்டால் துலாவால் இறைக்கலாம்தானே என்று கேட்பீர்கள். எங்கள் கிணற்றில் இருந்த துலாவைக் கழற்றச் சொன்னது நான். மிசின் வந்த பிறகு அது எதற்கு என்று கழற்றி, அந்த மரத்தை அரிந்து கோழிக்கூட்டுக்குச் சட்டம் அடித்தேன். இவ்வளவு யோசனையோடு ஒரு மனிதன் எப்படி வேலை செய்தான் என்று எனக்கே விளங்கவில்லை. என் முறை நாளில் நானும் மச்சாளும் கயிற்றில் வாளி கட்டி இழுத்தோம். ஆறு பரப்புக்கு எத்தனை வாளி ஊற்றுவது? யூரியா தின்று பழகிய நிலம் அது இல்லாமல் எதையும் தர மறுத்தது. மிளகாய் இலை சுருண்டு, செடி நின்ற நிலையில் கருகியது. மகள் அதற்குள் பிள்ளையோடு புருசனிடம் போய்விட்டாள். மச்சாள் தனிய இருந்து மரவள்ளிக்கிழங்கும் நிவாரண அரிசியும் சாப்பிட்டார்.

“சாமை எண்டால் மழையோடை கிடந்து வந்திருக்கும்” என்றார் ஒருநாள், வாளியைக் கீழே வைத்துவிட்டு. குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருட விதைப்புக்கு முன் எப்படியும் விதை தேடிக் கொடுப்பது என்று கிளம்பினேன். பொய்யைச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் விதையை மட்டும் கொடுத்து முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வலிகாமத்தில் நான் வேலை பார்த்த ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போனேன். போன இடமெல்லாம் சிரிப்பு.

“போதனாசிரியர் ஐயா சாமை கேட்டு வந்திருக்கிறார், இஞ்சை வந்து பாருங்கோ!” என்று ஒருவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “நீங்கள்தானே ஐயா உது காட்டுப்புல்லு எண்டனீங்கள்? எழுதியெல்லோ ஒட்டினனீங்கள்!”

கடைசியில் சந்தையில் வெற்றிலை விற்கிற ஒருவர், கரவெட்டியில் ஒரு கிழவர் இன்னமும் சாமை போடுகிறார் என்று சொன்னார். வல்லை வெளியில் எதிர்க்காற்று. சைக்கிளை ஓடியது பாதி, தள்ளியது பாதி. கிழவர் வேலிக்குக் கிளுவைத் தடி கட்டிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“உங்கடை விதைக்கு என்ன நடந்தது?”

“எலி திண்டிட்டுது.” அங்கேயும் அதே பொய். வாய்க்குப் பழகிவிட்டது.

“சரி. மாத்துக்கு என்ன விதை கொண்டு வந்தனீர்?”

“காசு தாறன், ஐயா.”

“காசை முளைக்கப் போடலாமோ? விதைக்கு விதை. எங்கடை வழக்கம் அதுதான், உமக்குத் தெரியாதோ?”

தெரியும். எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். பைக்கற்றில் விதை கொடுத்து அதை இல்லாமல் செய்தவர்களில் நானும் ஒருவன். என் வீட்டில் இருந்த பைக்கற்றுகளின் பெயர்களைச் சொன்னேன். கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“உதிலை எடுத்த விதையைத் திரும்பப் போட்டால் அதே மாதிரி வருமோ?”

“அதே மாதிரி வராது.”

“அப்ப உம்மட்டை விதை இல்லை” என்றார். “எங்கடை கொள்ளு போன மாரியிலை அழுகிப்போச்சு. கொள்ளு கொண்டு வாரும், சாமை தாறன். நிண்டு கதைச்சுப் பிரயோசனமில்லை, எனக்கு வேலை கிடக்கு.”

இருபத்தெட்டு வருட உத்தியோகம். மண்ணில் போட்டால் தன்னைப்போலவே திரும்பி வருகிற ஒரு பிடி விதை என் வீட்டில் இல்லை. வரும் வழி முழுவதும் கிழவரைத் திட்டினேன். கொள்ளு யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

மச்சாளிடம் இருந்தது. வேலியோரத்தில் நான்கு செடி எப்போதும் போடுவார். கொஞ்சம் கொள்ளு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டால் மாட்டுக்கு என்று சொல்ல ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர் எதையும் கேட்காமல் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். சாம்பல் கலந்து, வாயைத் தக்கையால் அடைத்து, அதன்மேல் மெழுகு வார்த்திருந்தார்.

“பாரும், இப்ப எல்லாத்தையும் போத்திலுக்கைதான் வைக்கிறன். எலி என்ன செய்யும் பாப்பம்” என்றார் பெருமையாக.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “எலி தின்னேல்லை, மச்சாள்” என்றேன். உமல், கத்தி, கோழி, கொள்ளுக்கு மாற்றாகச் சாமை தருவதாகச் சொன்ன கிழவர், எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் அந்தக் காரணம் எவ்வளவு சின்னது என்று கேட்டது. காரின் கண்ணாடிகூட முழுதாக இறங்கவில்லை.

அவர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“எந்தக் கோழி?”

“அந்த வெள்ளைக் கோழியள்.”

“பிள்ளைக்கெண்டு முட்டை கொண்டு வந்து தந்தனீரே, அந்தக் கோழியோ?”

“ஓம்.”

“நானும் ரெண்டு சாப்பிட்டனான்.” போத்தலின் மெழுகை விரலால் தடவினார். பிறகு, “அந்த மூதேசிப் பூனைக்கு ஆறு வருசம் சோறு போட்டனே” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மெழுகை உடைத்துக் கொள்ளை ஒரு துணியில் கொட்டி முடிந்து என் பக்கம் தள்ளினார். “கொண்டு போம். மழை வரப்போகுது.”

திட்டியிருக்கலாம். ஊருக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. தை மாதம் வரை என்னோடு கதைக்கவுமில்லை. கிணற்றடிக்குக் குடிதண்ணீர் அள்ள வந்தால் கயிற்றோடுதான் கதைத்தார்.

கிழவர் கொள்ளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். “ஆர் விதைக்கப் போறது, நீரோ?” என்றார். மச்சாள் என்றேன். “இது அவவின்ரை கையாலை வந்த விதை. அதாலைதான் தாறன்” என்று சொல்லி மூன்று சுண்டு சாமை அளந்தார். அந்த மழைக்கு மச்சாள் விதைத்தார். யூரியாவால் இறுகிய நிலத்தில் முதல் வருடம் ஆங்காங்கே சொட்டையாக வந்தது. ஆனாலும் வந்தது, ஒரு வாளி தண்ணீர் கேட்காமல். தையில் அரிந்து, கிழவருக்கு ஆறு சுண்டாகத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். அடுத்தடுத்த வருடங்களில் ஊரில் ஐந்து வீட்டுக்கு விதை கொடுத்தார். வாங்கியவர்கள் அரிந்த பிறகு இரட்டிப்பாகத் தரவேண்டும் என்பது கட்டளை. ஆறாவது ஆளாக நானும் கேட்டேன்.

“உமக்கு வேண்டாம்” என்றார்.

1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதையும் விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். சாமை முழங்கால் உயரம் நின்றது. என் மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டாள். நானும் மச்சாளும் சனத்தோடு சனமாக மழையில் நடந்தோம். அவர் எடுத்துக்கொண்டது ஒரு சேலை, ஒரு சட்டி, விதை உமல். தென்மராட்சிக்குப் போகிற பாலத்தைத் தாண்டுகிற நெரிசலில் கால் ஏலாமல் நின்றார். உமலைத் தலையிலிருந்து இறக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் தந்தார். நான் என் பெட்டியை றோட்டோரம் போட்டுவிட்டு உமலைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். நான் உமலைக் கூரை வளையில் கட்டி, அதன் கீழேயே பாய் போட்டுக் காவல் இருந்தேன். இரண்டு கிழமை போக, எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சலும் வயிற்றோட்டமும். பங்கீட்டு அரிசி அன்றைக்கு வரவில்லை, முதல் நாளும் வரவில்லை. மச்சாள் சட்டியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“தம்பி, உமலை இறக்கும்.”

“ஏன்?”

“கஞ்சி வைக்க.”

“மச்சாள், இது விதை!” என்று கத்தினேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாட்டேன் என்றேன். இதற்காக எத்தனை மைல் ஓடினேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். விதையைப் பற்றி அவருக்கே வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன். பழைய போதனாசிரியர் சாகவில்லை.

அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். “கோழிக்குப் போடேக்கை விதையாத் தெரியேல்லை. பிள்ளையளுக்குக் குடுக்கேக்கைதான் விதையாத் தெரியுதோ?” என்றார். “இறக்கும். கரவெட்டியிலை கிடக்குத்தானே.”

இறக்கினேன். நான்கு நாள் கஞ்சிக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைகள் எழும்பி ஓடித்திரிந்தார்கள், போதாக்குறைக்கு என் பாயை மிதித்துக்கொண்டு.

மார்கழியில் கரவெட்டிக்கு வெறுங்கையோடு போனேன். கிழவர் இன்னும் மெலிந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். விதை இருக்கிறது, ஆனால் என் கையில் தரமாட்டேன் என்றார்.

“முந்தி கொள்ளு அவவின்ரை கையாலை வந்தது. இப்ப ஒண்டும் கொண்டுவராமல் நிக்கிறீர். விதைக்கிற ஆளை வரச்சொல்லும்.”

“அறுபத்தேழு வயசு மனிசி, ஐயா. எப்பிடி வாறது?”

“சைக்கிளுக்குக் கரியர் இல்லையோ?”

அறுபது வயதில் நான் மச்சாளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு சேற்றிலும் குழியிலும் கரவெட்டி போனேன். அவர் வழி நெடுக என் ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். அகதியாய்க் கிடக்கிற இடத்தில் எங்கே விதைப்பது, எப்போது ஊருக்குப் போவது, போனால் காணி இருக்குமோ, ஒன்றும் தெரியாது. அதைச் சொன்னேன். “உம்மை முன்னுக்குப் பார்த்து ஓடச் சொன்னது” என்றார்.

கிழவர் இரண்டு சுண்டு அளந்து மச்சாளின் கையிலேயே கொட்டினார். அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“கவனம், தங்கச்சி” என்றார் கிழவர். “போன முறை உங்கடை விதையை எலி திண்டதெண்டு இவர்தான் சொன்னவர். அந்த எலி இன்னும் இருக்கோ?”

மச்சாள் என்னைப் பார்த்தார். என் முன்பற்கள் இரண்டும் அந்த வருடம்தான் விழுந்திருந்தன.

“இருக்கு, அண்ணை” என்றார். “இப்ப பல்லில்லை.”

அன்று வல்லை வெளியில் அடித்த எதிர்க்காற்று தென்மராட்சிக்குத் திரும்புகிற வெளியிலும் அடித்தது. இறங்கி நடந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்றேன். அவர் இறங்கவில்லை. ஒரு கையால் சைக்கிள் சீற்றையும் மற்றக் கையால் இடுப்பு முடிச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தார். முடிச்சை நான் வைத்திருக்கட்டுமா என்று கேட்டதற்கு, பேசாமல் மிதியும் என்றார்.